விட்டம் 25 என்று வந்த பிறகு: மெக்கானிக்கல் மாணவர்களுக்கு டிசைன் கற்றுக்கொடுப்பது

கேட்டவர் ஓர் இணைப்புக் கல்லூரியின் மெக்கானிக்கல் துறை உதவிப் பேராசிரியர். கேள்வியின் சுருக்கம்: "எங்கள் மாணவர்கள் டிசைன் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். கேட் (CAD, கணினியில் டிராயிங் போடும்) சாஃப்ட்வேர் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருகிற கம்பெனிகள் இவர்களுக்கு டிசைன் தெரியவில்லை என்கின்றன. பாடத்திட்டம் எங்கள் கையில் இல்லை, பெரிய பட்ஜெட்டும் கிடையாது. துறை அளவில் என்ன செய்ய முடியும்? எந்த சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுப்பது?"

'பிராக்டிகல் நாலெட்ஜ் இல்லை' என்று எச்.ஆர். சொல்லிவிட்டுப் போவதை வைத்துக்கொண்டு உங்களால் எதையும் மாற்ற முடியாது. எது இல்லை என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. கோவையில் பம்ப்பும் இயந்திரங்களும் செய்கிற கம்பெனிகளின் டிசைன் ஆஃபீஸில் பல வருஷம் இருந்து, புதிதாக வருகிறவர்களின் டிராயிங்கைச் சரிபார்ப்பதே வேலையாக இருந்தவன் நான். ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு ஷாஃப்டை (சுழலும் தண்டை) வைத்துச் சொல்லிவிடுகிறேன்.

தேர்வுக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம். இவ்வளவு கிலோவாட், இவ்வளவு ஆர்.பி.எம்., இரண்டு பியரிங்குக்கு நடுவில் ஒரு புல்லி. பெண்டிங் மொமென்ட், டார்க் இரண்டையும் சேர்த்து, சமன்பாட்டில் போட்டு, விட்டம் 23.4 மி.மீ. என்று வருகிறது. டேட்டா புக்கைப் பார்த்து 25 என்று எடுத்துக்கொண்டு, பெட்டி கட்டி, அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். மாணவனைப் பொறுத்தவரை டிசைன் முடிந்தது. கம்பெனியில் அந்த 25-க்கு அப்புறம்தான் டிசைன் ஆரம்பிக்கிறது.

25 மி.மீ. ஷாஃப்டுக்கு 6205 பியரிங் போடுகிறோம் என்று வையுங்கள். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15. மாணவன் டிராயிங்கில் வெறுமனே 25 என்று எழுதுகிறான். டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) எதுவும் குறிக்காவிட்டால் டிராயிங்கின் மூலையில் இருக்கும் பொது டாலரன்ஸ்தான் செல்லும். நடுத்தர வகுப்பு என்றால் இந்த அளவுக்கு ±0.2. டர்னர் 24.8-க்கு ஓட்டலாம், 25.2-க்கும் ஓட்டலாம், இரண்டும் டிராயிங்படி சரியான பீஸ்தான். 24.8 என்றால் பியரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றும். 25.2 என்றால் ஏறவே ஏறாது. சரி, கே6 என்ற டாலரன்ஸ் வகுப்பைப் போடுகிறான். இப்போது ஷாஃப்ட் 25.002-க்கும் 25.015-க்கும் இடையில் இருக்க வேண்டும். அந்த அளவை லேத்தில் பீஸுக்குப் பீஸ் பிடிப்பது சிரமம், கிரைண்டிங் போக வேண்டும். கிரைண்டிங் என்றால் தோளின் (பியரிங் முட்டி நிற்கும் படியின்) மூலையில் சக்கரம் முட்டாமல் இருக்க அண்டர்கட் என்ற சின்னப் பள்ளம் வேண்டும். அண்டர்கட் வேண்டாம், ஃபில்லெட் (வளைந்த மூலை) விடுகிறேன் என்றால், பியரிங்கின் மூலை ஆரம் 1 மி.மீ. ஃபில்லெட் அதைவிடப் பெரிதானால் பியரிங் தோளில் போய் உட்காராது.

தோளின் விட்டம் எவ்வளவு? பியரிங் கேட்டலாகில் 30.6-க்குக் குறையக் கூடாது என்று இருக்கும். அதற்காக 36 என்று தாராளமாக வைத்தால் உள்வளையம் முழுக்க மறைந்துவிடும், நாளைக்குக் கழற்றும்போது பியரிங்கை இழுத்தெடுக்கும் புல்லரின் கொக்கிக்குப் பிடி கிடைக்காது. 31 என்றால் 32 மி.மீ. பிரைட் பாரிலேயே வேலை முடிந்துவிடும். 33 என்று போட்டவுடன் அடுத்த அளவுக் கம்பி வாங்க வேண்டும், அதிகப்படி இரும்பு சீவலாகப் போகும். இரண்டு பக்க பியரிங்கையும் சர்க்லிப் (பூட்டு வளையம்) போட்டு இறுக்கிக் கட்டிவிட்டான் என்றால், இரண்டுக்கும் நடுவே 300 மி.மீ. தூரத்தில் ஷாஃப்ட் மட்டும் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.14 மி.மீ. நீளும். அந்த நீட்சி போக இடம் எங்கே? ஒரு பியரிங்கை நிறுத்தி, இன்னொன்றை நகர விட வேண்டும்.

இதில் எதற்குமே கடினமான கணிதம் வேண்டாம். எல்லாம் டேட்டா புக்கிலும் கேட்டலாகிலும் இருக்கிற சமாச்சாரம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முடிவு. யார் செய்வார், எந்த மெஷினில் செய்வார், எதை வைத்து அளப்பார், எப்படிக் கோப்பார், எப்படிக் கழற்றுவார், என்ன செலவாகும் என்று யோசித்து எடுக்கிற முடிவு. நம் மாணவர்களுக்குக் கணக்குப் போட வரும். முடிவெடுத்து, அதற்குக் காரணம் சொல்லி, தப்பானால் திருத்துகிற பழக்கம் மட்டும் நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வருவதில்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1955-இல் அமெரிக்காவில் கிரின்டர் கமிட்டி அறிக்கை வந்தது. பொறியியல் படிப்பில் அடிப்படை அறிவியலையும் பொறியியல் அறிவியலையும் பலப்படுத்தச் சொன்னது. அன்றைக்கு அது தேவையான மாற்றம்தான். ஆனால் அந்த அலையில் டிராயிங் ஹாலும் வொர்க்ஷாப்பும் இளைத்துப்போயின, டிசைன் என்பது பகுப்பாய்வின் ஒரு கிளை மாதிரி ஆகிவிட்டது. பின்னால் அவர்களே அதைச் சரிக்கட்ட ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி 1963-லேயே 'கிளினிக்' என்று ஒன்றைத் தொடங்கியது: ஒரு கம்பெனி தன் உண்மையான பிரச்சினையைப் பணம் கட்டி ஒப்படைக்கும், மாணவர் குழு ஒன்று அந்தக் கல்வியாண்டில் அதைச் செய்து கொடுக்கும். இன்றும் நடக்கிறது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கும்போதே முழுப் படிப்பையும் புராஜெக்டைச் சுற்றி அமைத்துக்கொண்டது. நம் நாடு 2014-இல், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனது. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்.பி.ஏ.வின் கோப்புகளில் டிசைன் திறன் ஒரு தனி வரியாக இருக்கிறது. பாடத்தின் பலன்களைப் படிப்பின் பலன்களோடு பொருத்தும் சிஓ-பிஓ மேப்பிங்கில் அந்தக் கட்டத்தில் உச்ச மதிப்பான 3 என்று போடாத துறை உண்டா? மேப்பிங்கில் வந்துவிட்டது, மாணவனிடம் வரவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. என்னிடம் இருக்கிற யோசனை உண்மையில் ஒன்றுதான்: ஒரே பொருளை மாணவர்கள் இரண்டு தடவை செய்ய வேண்டும். முதல் தடவை டிராயிங் போட்டு, கொடுத்து, செய்து, கோத்துப் பார்க்க வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே ஆடுகிறது என்று குறித்துக்கொண்டு, டிராயிங்கைத் திருத்தி, இரண்டாம் தடவை செய்ய வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி இரண்டாவதற்கு. முதல் தடவை சரியாக வந்ததா என்று பார்க்கவே வேண்டாம். என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்பதற்குத்தான் மதிப்பெண். இப்போது நடக்கிற புராஜெக்டில் முதல் தடவையே முடிவு. மார்ச்சில் வெல்டிங் அடித்து, பெயின்ட் காய்வதற்குள் வைவா முடிந்து, பொருள் துறையின் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறது. அதுவும் சொந்தமாகச் செய்தால். புராஜெக்ட் சென்டரில் வாங்கிய சோலார் புல்வெட்டியும் பல்நோக்கு விவசாயக் கருவியும் வருஷா வருஷம் வேறு வேறு பெயரில் வருவது உங்களுக்கும் தெரியும், எக்ஸ்டர்னலாக வருகிறவருக்கும் தெரியும்.

இரண்டு தடவை செய்ய வேண்டுமானால் பொருள் சின்னதாக இருக்க வேண்டும். ஐந்தாறு பாகங்களுக்கு மேல் வேண்டாம். ஒரு பியரிங் புல்லர், டிரில்லிங் ஜிக், சின்ன பெஞ்ச் வைஸ், இரண்டு பியரிங் உள்ள ஒரு ஷாஃப்ட்-ஹவுசிங், இந்த அளவு போதும். நாலாவது வருஷ புராஜெக்டில் இதை நுழைக்கப் பார்க்காதீர்கள், அங்கே ஏற்கெனவே எல்லாரும் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்விலும் வேலை தேடுவதிலும் இருப்பார்கள். மூன்றாம் செமஸ்டர் மெஷின் டிராயிங் லேபில் தொடங்குங்கள். அங்கே இப்போது என்ன நடக்கிறது? அச்சில் இருக்கும் ஸ்க்ரூ ஜாக் படத்தைப் பார்த்து மாணவர்கள் மாடல் செய்கிறார்கள். யாரோ எப்போதோ எடுத்த முடிவுகளைக் காப்பி எடுக்கும் வேலை. அந்தப் பயிற்சிகளில் ஒன்றை மட்டும், அளவு இல்லாத கேள்வியாக மாற்றிப் பாருங்கள்: "இந்தத் தட்டில் நான்கு எம்8 போல்ட் போட வேண்டும். துளை அளவு, இடம், டாலரன்ஸ் உன் பொறுப்பு." எம்8-க்கு 9 மி.மீ. துளை விடுவதா, 8.4 விடுவதா, இரண்டு தட்டையும் சேர்த்து வைத்துத் துளைப்பதா, தனித்தனியாகத் துளைப்பதா, போல்ட் தலையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் திரும்ப இடம் இருக்கிறதா என்று அவர்களே அடித்துக்கொள்ளட்டும். தட்டைக் கல்லூரி வொர்க்ஷாப்பிலேயே துளைத்து விடலாம். நாலு போல்ட்டும் ஒரே சமயத்தில் இறங்காதபோதுதான் துளையின் இருப்பிடத்துக்கு ஏன் டாலரன்ஸ் கொடுக்கிறோம் என்பது மண்டையில் ஏறும். ஜி.டி. அண்ட் டி. (வடிவத்துக்கும் இருப்பிடத்துக்கும் டாலரன்ஸ் குறிக்கும் முறை) பற்றி ஒரு மணி நேரம் ஸ்லைடு ஓட்டுவதைவிட இது உறைக்கும்.

அடுத்தது டிசைன் ரிவ்யூ. இதற்குச் செலவே இல்லை, ஆனால் கல்லூரிகளில் நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. 'ஜீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ' என்று நடப்பது பிபிடி வாசிப்பு. ரிவ்யூ என்றால் மேசைமேல் டிராயிங் பிரின்ட் இருக்க வேண்டும், பக்கத்தில் பொருளைச் செய்யப்போகிறவர் உட்கார வேண்டும். உங்கள் வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் வெளியிலிருந்து ஒரு டர்னரையோ ஃபிட்டரையோ, அவர் ஒருநாள் கூலியைக் கொடுத்து அழைத்து வாருங்கள். நான் ஒரு கல்லூரியில் இப்படி ஏற்பாடு செய்தபோது, கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்திருந்தார். ஒரு மாணவியின் டிராயிங்கைக் கையில் எடுத்து, "பாப்பா, இந்த ஸ்லாட்டை எந்தப் பக்கத்தில இருந்து அளக்கறது?" என்று கேட்டார். அவள் ஒரே ஸ்லாட்டுக்கு இடது விளிம்பிலிருந்தும் வலது விளிம்பிலிருந்தும் அளவு போட்டிருந்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா" என்றாள். அவர் வெட்டிவைத்த தட்டு ஒன்றை எடுத்து அளந்து காட்டினார். மொத்த நீளமே அரை மி.மீ. குறைந்திருந்தது. "இப்ப எதை நம்பறது?" அந்த இரண்டு நிமிஷத்தில் டேட்டம் (அளவு தொடங்கும் ஆதார விளிம்பு) என்றால் என்னவென்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.

ரிவ்யூவில் ஒரே ஒரு விதி வையுங்கள். 'ஏன் இந்த அளவு' என்ற கேள்விக்கு 'சார் சொன்னார்' என்பதும் 'சாஃப்ட்வேரில் அப்படி வந்தது' என்பதும் பதிலாகாது. இரண்டாவது பதில் இப்போது அதிகம், குறிப்பாக சாஃப்ட்வேரில் அழுத்தம் கணக்கிடும் அனாலிசிஸ் விஷயத்தில். சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைக் காட்டி, அதிகபட்ச அழுத்தம் இவ்வளவு, பாதுகாப்புக் காரணி இவ்வளவு என்கிறார்கள். எங்கே பிடித்திருக்கிறாய், எங்கே விசை கொடுத்தாய் என்றால் தடுமாற்றம். கூரான உள்மூலை ஒன்றில் மெஷ்ஷை (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை) நுணுக்கமாக்க நுணுக்கமாக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், அது நிஜ எண் இல்லை என்பது தெரியாமலே அந்த எண்ணை ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் போடுகிறார்கள். கையால் ஒரு எளிய பீம் கணக்குப் போட்டு, அந்த விடையும் சாஃப்ட்வேர் விடையும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாத எந்த அனாலிசிஸையும் ஏற்காதீர்கள். உங்கள் மாணவர்களிடம் இருக்கிற கணக்குத் திறமைக்கு இதுதான் சரியான இடம்.

பிரச்சினையை எங்கிருந்து எடுப்பது? ஹார்வி மட் மாதிரி கம்பெனிகள் பணம் கட்டி வரும் என்று காத்திருக்க வேண்டாம். நம் பக்கத்துச் சிறு தொழில் முதலாளியிடம் போய் 'உங்கள் பிரச்சினையைக் கொடுங்கள்' என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் விற்கிற பொருளின் டிசைனை மாணவர்கள் கையில் கொடுக்க மாட்டார், அது நியாயமும்கூட. ஆனால் ஷாப் ஃப்ளோரில் இருக்கும் டிராலி, ஸ்டாண்டு, ஃபிக்சர், கேஜ் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரு குறை இருக்கும், அதைச் சரிசெய்ய யாருக்கும் நேரம் இருக்காது. ரகசியம் எதுவும் இல்லை, தோற்றால் நஷ்டமும் இல்லை, செய்து கொடுத்தால் அடுத்த வாரமே ஆபரேட்டர் நல்லது கெட்டது சொல்லிவிடுவார்.

உதாரணமாக, பம்ப் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்சுக்கு மோனோபிளாக் பம்ப்பைத் தூக்கி வைக்க ஒரு டிராலி. மாணவர்களிடம் விட்டால் உடனே ஹைட்ராலிக் சிசர் லிஃப்ட் மாடல் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். விடாதீர்கள். முதலில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று பார்த்துவிட்டு வரட்டும். அங்கே போனால் தெரியும்: தரை எப்போதும் ஈரம், சக்கரம் வழுக்கும். இரண்டு பெஞ்சுக்கு நடுவே வழி குறுகல். தூக்குவதைவிடப் பெரிய தொல்லை, பம்ப்பின் ஃபிளேஞ்சைக் குழாயின் ஃபிளேஞ்சோடு நேராக்குவது. ஒருவர் பம்ப்பைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் போல்ட் நுழைக்கிறார். அப்படியானால் வேண்டியது உயரத் தூக்குகிற டிராலி மட்டும் இல்லை, கடைசி சில மில்லிமீட்டரை மெதுவாக நகர்த்துகிற டிராலி. இதை அவர்களே கண்டுபிடித்து, எண்களாக எழுத வேண்டும். 60 கிலோ எடை, ஒரே ஆள், வழி 900 மி.மீ., ஈரத் தரையில் நிறுத்தினால் நகரக் கூடாது, செலவு இவ்வளவுக்குள் என்று. 'கையாள எளிது', 'செலவு குறைவு' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அளந்து பார்க்க முடியாத தேவையை எழுதவே கூடாது. தேவைகளை எழுதும் இந்த ஒரு தாளுக்கு நான் புராஜெக்டின் கால்பங்கு மதிப்பெண் கொடுப்பேன்.

பழைய பொருளைப் பிரித்துப் பார்ப்பதும் நல்ல பயிற்சி. காயலான் கடையில் ஓடாத மிக்ஸி கிடைக்கும். பிரித்து, அளந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் 'இது ஏன் இப்படி' என்று எழுதச் சொல்லுங்கள். ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கப்ளர் ஏன் ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கிறது, உலோகத்தில் போட்டால் என்ன? இரண்டு அச்சும் துல்லியமாக ஒரே கோட்டில் அமையாததை அது தாங்கிக்கொள்கிறது, ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதில் விலை குறைந்த அது உடைகிறது. வேண்டுமென்றே ஒரு பாகத்தைப் பலவீனமாக வைப்பதும் டிசைன்தான் என்பதைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கும் கையில் உடைந்த கப்ளரை வைத்துக்கொண்டு யோசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

செலவுக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்களில் விலை சொல்லத் தெரிந்தவர் அபூர்வம். தன் பாகத்தின் எடையையே சொல்ல வராது, மாடலில் ஒரு பட்டனை அமுக்கினால் தெரிந்துவிடும் என்றாலும். ஒவ்வொரு டிராயிங்கோடும் ஒரு செலவுத் தாள் கட்டாயம் என்று வையுங்கள்: கம்பியின் எடை, கிலோ விலை, எந்த மெஷினில் எவ்வளவு நேரம், அந்த மெஷினின் மணிக் கட்டணம். விலைகளை மாணவர்களே உள்ளூர்க் கடையிலும் ஜாப் ஒர்க் பட்டறையிலும் கேட்டு வரட்டும். எல்லா அளவுக்கும் ±0.01 போட்டுவிட்டு வருகிற பழக்கம், அந்த டிராயிங்குக்கு ஒரு கொட்டேஷன் வாங்கினால் அன்றைக்கே நின்றுவிடும். மாணவர் கார் போட்டிகள் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கின்றன. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளின் மொத்தம் 1000 புள்ளியில் டிசைனை விளக்குவதற்கு 150, செலவு மற்றும் உற்பத்திக்கு 100. கார் ஓடுவதற்கு முன்பே கால்பங்கு புள்ளி இதற்குப் போகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கும்போது, குழு இறங்காவிட்டாலும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், டிசைன் நடுவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காட்டுங்கள். ஆனால் அந்தப் போட்டியையே துறையின் டிசைன் பயிற்சி என்று நினைத்துவிடக் கூடாது. இருபத்தைந்து பேருக்குக் கிடைப்பது மற்ற நூறு பேருக்குக் கிடைக்காது, அந்த இருபத்தைந்திலும் பாதிப் பேர் ஸ்பான்சர் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆசிரியர்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பி.இ., எம்.இ., உடனே வேலை, பி.எச்டி. என்று வந்தவர் ஒரு டிராயிங்கை வென்டரிடம் கொடுத்துத் திட்டு வாங்கியதே இல்லை என்றால், அது அவர் குற்றம் இல்லை. நம் நியமன முறை அப்படி. விடுமுறையில் இரண்டு மூன்று வாரம் ஒரு டூல் ரூமிலோ டிசைன் ஆஃபீஸிலோ போய் உட்காருங்கள். சான்றிதழ் தருகிற பயிற்சி முகாமாக இல்லாமல், அவர்களின் டிராயிங்கைச் சரிபார்த்துக் கொடுக்கிற ஆளாகப் போங்கள். வெளியாளை அழைக்க இப்போது வழியும் இருக்கிறது. 2022-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழிகாட்டுதலில், தொழிலில் 15 ஆண்டு அனுபவமும் பேரும் உள்ளவருக்கு பி.எச்டி. கட்டாயமில்லை. இணைப்புக் கல்லூரியில் அது நடைமுறைக்கு வர நிர்வாகம் மனது வைக்க வேண்டும். அதுவரை ரிவ்யூ நாட்களுக்கு மட்டும் மதிப்பூதியம் கொடுத்து அழைப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள். டிப்ளமோ முடித்து டூல் ரூமில் தலை நரைத்தவர்களைத் தயங்காமல் கூப்பிடுங்கள், பட்டம் பெற்ற மேனேஜரைவிட அவர்களுக்கு எது உடையும் என்பது தெரியும்.

எந்த சாஃப்ட்வேர் என்ற கேள்வி. உங்கள் பக்கத்துக் கம்பெனிகள் எதை வைத்திருக்கிறார்களோ, உங்களுக்கு எதன் லைசென்ஸ் கட்டுப்படியாகிறதோ அதை எடுங்கள். ஒன்று கையில் பழகியவன் இன்னொன்றுக்கு மாறுவது பெரிய விஷயமில்லை, கம்பெனிகளும் அதற்காக ஆளைக் கழிப்பதில்லை. 'நான் முதல்வன்' வழியாக வருகிற வகுப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கம்பெனிகள் ஆளைக் கழிப்பது எதற்கு என்றால், மாடலில் ஒரு அளவை மாற்றச் சொன்னதும் பாதி ஃபீச்சர் பிழை காட்டிச் சிவப்பாகிவிடும், அப்போது. ஃபைல் பெயர் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' என்று இருக்கும், அப்போது. பாக எண், ரிவிஷன் எழுத்து, என்ன மாறியது என்ற ஒரு வரிக் குறிப்பு, பாகப் பட்டியல் ஆகிய நாலும் மூன்றாம் செமஸ்டரிலிருந்தே எல்லா லேபிலும் கட்டாயம் என்று துறைக் கூட்டத்தில் ஒரு முடிவெடுத்தால் போதும்.

இன்டர்வியூவுக்குப் போகும் மாணவனிடம் சான்றிதழ் ஃபோல்டரோடு ஒரு பொருளின் 'ஏ' ரிவிஷன் டிராயிங்கையும் 'பி' ரிவிஷன் டிராயிங்கையும் கொடுத்து அனுப்புங்கள். டிசைன் ஆள் யாராவது பேனலில் இருந்தால் முதலில் அந்த இரண்டு தாளைத்தான் எடுப்பார். மீதி நேரமும் அதிலேயே போகும், மாணவனுக்கும் பேச விஷயம் இருக்கும்.